பாசியின் மூச்சும் ஜலவாயுவும்

மூணாறில் தேயிலைத் தோட்டத்து லயங்களின் பின்புறம், ஊற்றுநீரைத் தேக்கும் சிமெண்டுத் தொட்டியருகே வெயில் ஏறும் வேளையில் சற்றுக் குனிந்து நோக்கினால், சுவரில் படிந்த பச்சைப் பாசியின்மேல் கடுகளவான குமிழிகள் ஒவ்வொன்றாய்த் திரண்டு, பிடிவிட்டு, மேலெழுந்து உடைவதைக் காணலாம். சூரிய கிரணத்தின் பலத்தால் நீரைப் பிளந்து பாசி வெளிவிடும் பிராணவாயுவே அது.

பச்சைப் பாசிகளுட் சில, நம் முன்னோர் ஜலவாயு என்றழைத்த ஹைட்ரஜனையும் ஒளியில் தரவல்லவை என்பதை, சினடெஸ்மஸ் என்னும் பாசியில் ஹான்ஸ் காஃப்ரானும் ரூபினும் 1942-ல் கண்டறிந்தனர். ஆனால் அவ்வாயுவை ஆக்கும் ஹைட்ரஜனேஸ் என்னும் நொதிக்குப் பிராணவாயுவே பரம சத்துரு. அது தீண்டிய மாத்திரத்தில் நொதி செயலிழந்து போகும். தன் உழைப்பின் பயனே தன் மற்றொரு ஆற்றலை அழிக்கும் இந்தச் சங்கடத்திலிருந்து பாசியை மீட்பது அதன் சுவாசம். தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்று நம்புவோர் இன்றும் பலர். உண்மையில் பாசியும் நம்மைப் போலவே இரவும் பகலும் ஓயாது பிராணவாயுவை உட்கொள்கிறது.

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அனஸ்தாசியோஸ் மெலிஸும் அவர்தம் சகாக்களும், கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பாசியைக் கந்தகமற்ற நீரில் இட்டுக் குடுவையை இறுக மூடி வெளிச்சத்தில் வைத்தனர். ஒளியால் நாள்தோறும் சிதைந்து நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒரு புரதம் கந்தகமின்றிப் புதுப்பிக்கப்படாமற் போகவே, பிராணவாயுவின் உற்பத்தி மெல்லக் குன்றிச் சுவாசத்தின் செலவுக்கும் கீழே இறங்கியது; ஏறத்தாழ ஒரு நாளில் குடுவையில் அவ்வாயு அற்றுப்போக, நொதி விழித்துச் சில நாட்கள் ஜலவாயுவைப் பொழிந்தது. எஞ்சிய ஒளிச்சேர்க்கை கசியவிடும் சிறிதளவு பிராணவாயுவையும் மூச்சு உடனுக்குடன் விழுங்கிவிடுவதால்தான் அப்பொழிவு நீடிக்கிறது. இதனினும் நுட்பமான காவலை நான் அறியேன். எனினும் அக்காவல் கூலியின்றிக் கிடைப்பதன்று: பாசி சேமித்த மாவுப்பொருளைச் சுவாசம் கரைக்கிறது, அதே மாவுப்பொருளே ஜலவாயுவின் ஆக்கத்துக்கும் ஓரளவு மூலதனமாகிறது.

காற்றுப் புகாத குடுவையில் இரவெல்லாம் இருளில் அடைபட்ட பாசியின்மேல் முதல் ஒளி பட்டால், சிறிது நேரம் ஜலவாயு எழுந்து, பிராணவாயு பெருகியதும் அடங்கிவிடும். மூணாற்றுத் தொட்டியின் அடிச்சேற்றில் காற்று எட்டாது உறங்கும் இழையொன்றுக்கும், மூடுபனி விலகும் விடியலில் அத்தகைய சிறுபொழுது வாய்க்கக்கூடும்.