விளையாட்டு வழக்கும் மேல்முறையீடும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். அன்று காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதல். பதக்கம் போயிற்று. வெள்ளியாவது தாருங்கள் என்று அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டார். ஆகஸ்ட் 14-இல் அது தள்ளுபடியானது.

அதற்கு மேலும் வழி உண்டா? உண்டு. 1984-இல் தோன்றிய அம்மன்றம் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கிறது. ஆகவே அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றத்திற்கு 30 நாளுக்குள் போகலாம்.

ஆனால் அந்த நீதிமன்றம் மறுபடியும் தராசைத் தூக்காது. பஞ்சாயத்து முறையாகக் கூடியதா, அதற்கு அதிகாரம் உண்டா, இரு தரப்பையும் கேட்டதா, அடிப்படை நியாயம் மீறப்பட்டதா என்று மட்டுமே பார்க்கும்.

சீன நீச்சல் வீரர் சுன் யாங்கிற்கு, ஊக்கமருந்துச் சோதனைத் தகராறில் 2020 பிப்ரவரியில் 8 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. நடுவர் குழுத் தலைவர் சீனர்களை இழித்து எழுதியிருந்தது பின்னர் தெரியவந்தது. டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. குற்றமற்றவர் என்று அது சொல்லவில்லை. வேறு நடுவர்கள் விசாரித்தனர். 2021 ஜூனில் தடை 4 ஆண்டு 3 மாதமாகக் குறைந்தது.

ஜாசின், அலோர்காஜா தோட்டத்துப் பிள்ளைகளும் நாளை நாட்டுக்காக ஓடலாம். பெற்றோர்களே, கையெழுத்திடுமுன் பாரத்தைப் படியுங்கள். முடிவுக் கடிதம் வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கெடு தவறினால் கதவு மூடிவிடும்.