முன் சக்கரமா, பின் சக்கரமா, நாலு சக்கரமா? கார் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

கார் வாங்கப் போகிறவர் கடையில் என்ன கேட்கிறார்?

"விலை என்ன? மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? வெள்ளை கலர் இருக்கா?"

அதோடு சரி. "இந்த வண்டியில் என்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது?" என்று கேட்பவர் அபூர்வம்.

ஆனால் மழையில் வழுக்குவதும், மலையில் திணறுவதும், டயர் சீக்கிரம் தேய்வதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் அடங்கி இருக்கிறது. "நாலு வீலும் இழுக்கும் சார், பாதுகாப்பு ஜாஸ்தி" என்று சொல்லி ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்கும்போது, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

விஷயம் ஒன்றும் கம்ப சூத்திரம் அல்ல. மாட்டு வண்டியை மாடு முன்னால் நின்று இழுக்கிறது. காய்கறித் தள்ளுவண்டியை ஆள் பின்னால் நின்று தள்ளுகிறார். காரிலும் இதே கதைதான். முன் சக்கரம் சுழன்றால் கார் இழுக்கப்படுகிறது. பின் சக்கரம் சுழன்றால் தள்ளப்படுகிறது. நாலும் சுழன்றால் இரண்டும் நடக்கிறது.

அம்பாசிடர் காலம்

அம்பாசிடர் காரின் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒன்று நினைவு இருக்கும். காலடியில் ஒரு மேடு! இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்த மேடு எதற்கு? என்ஜின் முன்னால் இருக்கிறது. சுற்ற வேண்டிய சக்கரமோ பின்னால். முன்னாலிருந்து பின்னாலே சக்தியைக் கொண்டுபோக நீளமான இரும்புத் தண்டு ஒன்று காரின் அடியில் ஓடுகிறது. அதற்குப் பெயர் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது சுழல இடம் விடத்தான் அந்த மேடு.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின் சக்கர வண்டிகள்தான். கெட்டியான வண்டிகள். ஆனால் கனம். தண்டு, பின் ஆக்ஸில், அதன் நடுவே பானை மாதிரி பல்சக்கரப் பெட்டி... அத்தனை இரும்பையும் சுமந்துகொண்டே ஓட வேண்டும். அம்பாசிடரின் எடை ஆயிரம் கிலோவைத் தாண்டும்.

மாருதி செய்த மாற்றம்

1983-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மாருதி 800 வந்தது. முதல் காரின் சாவியைக் கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி.

அந்தக் குட்டிக் காரில் என்ஜினைக் குறுக்குவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். கியர் பெட்டியும் பக்கத்திலேயே. சக்தி நேராக முன் சக்கரத்துக்குப் போனது. நீளத் தண்டு தேவை இல்லை. பின்னால் பானையும் இல்லை. எடை சுமார் 650 கிலோ. அதனால்தான் 796 சி.சி. என்ஜினே நாலு பேரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பெட்ரோலும் மிச்சம், உள்ளே இடமும் மிச்சம்!

இந்த யோசனை மாருதியோடு பிறந்தது அல்ல. 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்தபோது இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. "கொஞ்சம் குடிக்கிற சின்னக் கார் வேண்டும்" என்ற தேவை எழுந்தது. அலெக் இசிகோனிஸ் என்ற என்ஜினீயர் என்ஜினைக் குறுக்கே வைத்து, முன் சக்கரத்தைச் சுழல விட்டு, 1959-ல் 'மினி' காரைக் கொடுத்தார். அதன் பிறகு உலகத்துச் சின்னக் கார்கள் பெரும்பாலும் அந்த வழிக்கே வந்துவிட்டன.

இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர வண்டிகளே.

ஒரு சக்கரத்துக்கு மூன்று வேலை

முன் சக்கரக் காரில் நன்மை ஒன்று உண்டு. என்ஜினின் கனம் முழுவதும் சுழலும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஈரச் சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். புதிதாக ஓட்டக் கற்றவருக்கும் ஏற்றது.

குறையும் உண்டு. பாவம், அந்த முன் சக்கரத்துக்கு மூன்று வேலை! இழுக்க வேண்டும், திரும்ப வேண்டும், பிரேக் போட்டால் பெரும் பாரத்தையும் தாங்க வேண்டும். அதனால் முன் டயர் சீக்கிரம் தேயும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? முன் ஆக்ஸில் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். உறை கிழிந்ததுமே மாற்றினால் சில்லறைச் செலவு. விட்டுவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

கடைக்காரர்கள் கவனிக்க!

சரக்கு ஏற்றுகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

டிக்கி நிறைய மூட்டையும், பின் சீட்டில் மூன்று பேரும் இருந்தால் காரின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். மேடு ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். அப்போது முன் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைந்து, ஈரத்தில் வெறுமனே சுற்றும்.

பின் சக்கர வண்டியில் இது தலைகீழ். மூட்டை ஏற ஏற, சுழலும் சக்கரம் தரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

லாரியும் பஸ்ஸும் பின் சக்கரத்தால் ஓடுவது இதனால்தான். 1984-ல் வந்து 2019 வரை தயாரான மாருதி ஆம்னி வேனும், அதன் பின் கடைத்தெருவைப் பிடித்துக்கொண்ட ஈக்கோவும் பின் சக்கர வண்டிகளே. ஆனால் அதே வேனைக் காலியாக மழைச் சேற்றில் நிறுத்தினால், கிளம்பும்போது பின் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும். கனம் இல்லை, பிடிப்பு இல்லை!

பெயரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. பழைய இன்னோவாவும் இன்னோவா கிரிஸ்டாவும் பின் சக்கர வண்டிகள். 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் முன் சக்கர வண்டி. பெயர் ஒன்று, பிறவி வேறு!

நாலு சக்கரமும் சுழன்றால்?

இதில் இரண்டு ஜாதி இருக்கிறது.

ஒன்று ஜீப் ஜாதி. இரண்டாவது உலகப் போரில் 1941 முதல் சேறு, மணல், மேடு என்று அலைந்த வண்டியின் வாரிசு. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் சுழலும். தேவைப்படும்போது லீவரைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்துகொள்ளும். ஜிப்சி, தார், ஜிம்னி ஆகியவற்றின் நாலு சக்கர வண்டிகள் இந்த வகை.

இந்த லீவரைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வண்டி இறுகும், டயர் தேயும், உள்ளே பல்சக்கரம் அடிவாங்கும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் நழுவிக்கொள்வதால் அங்கே தொல்லை இல்லை.

இன்னொன்று, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி என்று வண்டியே பங்கு போட்டுக் கொடுக்கும் வகை. 1980-ல் வந்த ஜெர்மன் கார் ஆடி குவாட்ரோ கார்ப் பந்தயங்களில் வெற்றி பெற்று இதைப் பிரபலமாக்கியது. இதை எந்த ரோட்டிலும் ஓட்டலாம்.

செலவு? வாங்கும்போது விலை கூடுதல். எடை கூடுவதால் பெட்ரோலும் கூடுதல். நாலு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று பஞ்சராகிக் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றித் தப்பிப்பது கஷ்டம்.

பிரேக்குக்கு உதவாது!

ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி நன்றாகக் கிளம்பும். சேற்றிலிருந்து வெளியே வரும். வழுக்கும் மேட்டில் ஏறும். ஆனால் நிற்காது!

எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. விலை குறைந்த சின்னக் காருக்கும் அப்படித்தான், பெரிய நாலு சக்கர வண்டிக்கும் அப்படித்தான். மழையில் நிற்பதை முடிவு செய்வது டயரும், வேகமும், பிரேக்கும், வண்டியின் கனமும்தான். "என்னிடம் நாலு வீல் வண்டி இருக்கு" என்று மழையில் விரட்டுகிறவர் கிளம்பும் பலத்தை நிற்கும் பலம் என்று தப்புக்கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்கு விலை, உயிர்!

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. ஏறுவதற்கு எந்தச் சக்கரம் என்று பார்க்கலாம். இறங்கும்போதோ எல்லோருக்கும் ஒரே சட்டம்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் கைவிடும்.

வெள்ளத்திலும் இதே பாடம்தான். சுரங்கப் பாதையில் தேங்கிய தண்ணீர் என்ஜின் காற்று இழுக்கும் குழாய்க்குள் போய்விட்டால், நாலு சக்கர வண்டியும் நடுவழியில் நிற்கும். நின்றதும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினே உடையும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே... எந்தச் சக்கர வண்டிக்கும் அதுதான் புத்திசாலித்தனம்.

வழுக்கினால் என்ன செய்வது?

முன் சக்கரக் கார் வளைவில் வழுக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். இன்னும் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். பிடிப்பு திரும்பும்.

பின் சக்கர வண்டியில் வால் வீசும். வால் எந்தப் பக்கம் போகிறதோ, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்புங்கள். திடீர் பிரேக் கூடாது.

புது டயர் இரண்டு மட்டும் வாங்குகிறீர்களா? முன் சக்கரக் காராக இருந்தாலும் புதியதைப் பின்னால் போடுங்கள். ஆச்சரியமாக இருக்கிறதா? பின்பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். முன்பக்கம் வழுக்கினால் சமாளிக்க வழி இருக்கிறது. டயர் பட்டனின் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால், டயர் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

யாருக்கு எது?

* ஆபீஸ் போய்வர, குடும்பத்தோடு கோயில் குளம் போக: முன் சக்கரம் போதும்.

* தினமும் மூட்டை ஏற்ற, நிறைய ஆட்களை ஏற்ற: பின் சக்கரம்.

* எஸ்டேட், மண் ரோடு, மழையில் சேறாகும் தோட்டப் பாதை: நாலு சக்கரம். கொடுக்கிற காசு வசூலாகும்.

* நகரத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவருக்கு நாலு சக்கரம்: பந்தாதான் மிச்சம்! அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் போட்டு, மீதியை பாங்கியில் போடலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. காரின் பின்னால் குனிந்து அடியில் பாருங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவே இரும்புப் பானை தொங்கினால், பின் சக்கரம் சுழலும் வண்டி. பானையும் தண்டும் இல்லையென்றால், பெட்ரோல், டீசல் கார்களில் அநேகமாக முன் சக்கரம்தான்.

குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி, அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு பணத்தை எண்ணுங்கள்!