பேட்டரி செயின்சா பெட்ரோல் மெஷினுக்கு ஈடாகுமா? புயல் சீசனுக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புயல் ஓய்ந்த மறுநாள் காலை. தெருமுனையில் ஒரு புளியமரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறது, இந்தப் பக்கம் பால் வண்டி. அப்போது தெருவே கேட்கும் ஒரே கேள்வி: "யார்கிட்டயாவது மரம் அறுக்கிற மெஷின் இருக்கா?"

முன்பெல்லாம் அதற்குப் பதில் பெட்ரோல் மெஷின்தான். இப்போது ஆன்லைனில் திரும்பிய பக்கமெல்லாம் பேட்டரி செயின்சா விளம்பரம். புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும் என்கிறார்கள். உண்மையிலேயே அது வேலைக்கு ஆகுமா?

திருவண்ணாமலைக்கு ஏன் இந்தக் கேள்வி?

நம்ம ஊர் கடற்கரையில் இல்லைதான். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் என்ன செய்தது என்பதை இந்த ஊர் மறக்காது. டிசம்பர் 1 அன்று மலையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அதற்கு 12 நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று மகாதீபம்.

வடகிழக்குப் பருவமழையும் கார்த்திகை தீபக் கூட்டமும் ஒரே நேரத்தில் வரும் ஊர் இது. 14 கி.மீ. கிரிவலப் பாதையிலோ, ஊருக்குள் வரும் சாலையிலோ ஒரு மரம் விழுந்தால், அதை எவ்வளவு சீக்கிரம் அகற்றுகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பவர் எதில் அதிகம்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று தெரிய, வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 180 வாட்-அவர்.

1 லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9,000 வாட்-அவர். இதில் பெரும்பகுதியை டூ ஸ்ட்ரோக் இன்ஜின் சூடாகவும் புகையாகவும் வீணடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் செயினுக்கு வந்தால்கூட 1,800 வாட்-அவர். அதாவது, 1 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு அந்த 36 வோல்ட் பேட்டரி பத்து வேண்டும்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெட்ரோல் மெஷின் சும்மா ஓடும்போதும் எண்ணெய் குடிக்கும். பேட்டரி மெஷின் அறுக்கும் நேரத்தில் மட்டுமே சார்ஜைச் செலவழிக்கும். 1,000 வாட் இழுக்கும் மோட்டாருக்கு 180 வாட்-அவர் பேட்டரி சுமார் 11 நிமிடம் தாங்கும். கேட்க குறைவுதான். ஆனால் அது முழுக்க முழுக்க அறுக்கும் நேரம். வீட்டு முருங்கையையும் வேப்பமரக் கிளையையும் கழிக்க அது தாராளம்.

'88 வோல்ட்' லேபிளை நம்பலாமா?

உஷார். ஆன்லைனில் விற்கும் கையடக்க மெஷின்களில் 48, 88 என்று பெரிய எண்கள் போட்டிருப்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'வி.எஃப்.' என்று இருந்தால் அது வோல்ட்டே அல்ல. அப்படி ஓர் அளவு கிடையாது. உள்ளே 5 லித்தியம் செல்தான் இருக்கிறது என்றால், முழு சார்ஜில் 21 வோல்ட், சராசரியாக 18 வோல்ட், அவ்வளவுதான். பேட்டரி மேல் வாட்-அவர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 4 முதல் 6 இன்ச் பிளேடு உள்ள மெஷின் கிளை வெட்டத்தான். அதை வைத்துக்கொண்டு புளியமரத்து அடிமரத்தில் கை வைத்தால் மோட்டார்தான் போகும்.

பேட்டரி எங்கே ஜெயிக்கிறது?

சத்தத்தில். பெட்ரோல் செயின்சா, பிடித்திருப்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும். பேட்டரியில் அது நன்றாகவே குறைவு. மருத்துவமனை, பள்ளி, ஆசிரமம் பக்கத்தில் வேலை செய்ய இது பெரிய வசதி. புகை கிடையாது, அதிர்வும் குறைவு என்பதால் கையும் சீக்கிரம் மரத்துப் போகாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம், 2024 மாடலில் இருந்து சிறிய பெட்ரோல் இன்ஜின் கருவிகளின் புது விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் 45 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட பெரிய செயின்சாக்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற பெரிய நிறுவனங்களும் இரண்டு வகையையும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

புயல் ராத்திரியில் எது கைகொடுக்கும்?

புயலில் முதலில் போவது கரண்ட். இரண்டு நாள் கரண்ட் வரவில்லை என்றால், ஸ்பேர் பேட்டரி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எதுவும் இல்லாதவரின் பேட்டரி மெஷின் வெறும் பொம்மை. அறுத்து முடித்த சூட்டோடு சார்ஜில் போட்டாலும் பல சார்ஜர்கள் ஏற்காது. பேட்டரி ஆறணும்.

அப்படியானால் பெட்ரோல் மெஷின் கண்டிப்பாக ஓடுமா? அதுவும் சந்தேகம்தான். 2டி ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் கெட்டுப்போகும். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெஷின், கார்புரேட்டர் அடைத்து, தேவைப்படும் நேரத்தில் ஸ்டார்ட் ஆகாது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வைக்கணும். ஆயில் அளவு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும்.

பேட்டரி மெஷின் ஆபத்து குறைந்ததா?

இல்லை. இந்த நினைப்புதான் பெரிய ஆபத்து. செயின் ஒன்றுதான், வெட்டும் ஒன்றுதான்.

* பிளேடு நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். இதற்குப் பெயர் கிக்பேக். இரண்டு வகையிலும் நடக்கும்.
* பெட்ரோல் மெஷின் ஓடுவது சத்தத்திலேயே தெரியும். பேட்டரி மெஷின் அமைதியாக இருக்கும், ஸ்விட்சில் விரல் பட்டால் சுற்றும். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள்.
* விழுந்த மரம் வளைத்த வில் மாதிரி. தவறான பக்கத்தில் அறுத்தால் பிளேடு மாட்டிக்கொள்ளும், அல்லது மரம் தெறித்து அடிக்கும்.
* மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால் கிட்டவே போகாதீர்கள். மின்னகம் 94987 94987 அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்குச் சொல்லுங்கள்.
* கண்ணாடி, காது மூடி, கையுறை, ஷூ கட்டாயம். செயினுக்கு ஆயில் ஊற்றுவது பேட்டரி மெஷினுக்கும் கட்டாயம்.

அப்போ எதை வாங்கலாம்?

வீட்டுக்கும் சின்ன தோட்டத்துக்கும் பேட்டரி போதும். கூடவே ஒரு ஸ்பேர் பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துச் செய்ய வேண்டிய வேலை புயலுக்குப் பிறகு அல்ல, முன்பு. வீட்டுக் கூரை மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை மழைக்காலத்துக்கு முன்பே கழித்துவிடுங்கள். சாலையோர மரம் என்றால் நாமாக வெட்டக் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும்.

சாலையை அடைத்துக் கிடக்கும் அடிமரத்துக்கு இன்றைக்கும் 16, 18 இன்ச் பிளேடு உள்ள பெட்ரோல் மெஷின்தான், அதுவும் பழகிய கையில். தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். ஆனால் அது ஸ்டார்ட் ஆகுமா என்று புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.