கடலுக்கேற்ற தூண்டிற்கோல்: புதியவர்கள் அறிய வேண்டியவை

கோடை பிறந்ததும் நோர்வேயின் துறைமுக மேடைகளில் எம்மவர் பலரைத் தூண்டிற்கோலுடன் காண்கின்றோம். எண்பதுகளில் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கமர்ந்தவர்கள் தொடக்கம், இன்று முகாமில் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் வரை, இந்நாட்டுக் கடலோடு எமக்கொரு தொடர்பு இருந்தே வந்திருக்கின்றது. ஆயினும் கடலை அறிந்திருப்பது வேறு. தூண்டிற்கோலை அறிந்திருப்பது வேறு. எமது ஊர்க் கடற்றொழிலாளர் தங்கூசியை விரலிற் பிடித்தே மீனின் கடியை உணர்ந்தனர். வள்ளம் அவர்களை மீனிடம் கொண்டு சென்றமையால் அவர்களுக்குக் கோல் வேண்டியிருக்கவில்லை. இங்கோ கரையில் நிற்பவனின் இரையை மீனிடம் கொண்டு செல்வது கோல்தான்.

கடைக்குச் செல்லும் புதியவர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கிறார். மிக மலிவான பொதியை வாங்குகிறார். அல்லது பெரிய மீன் பிடிக்கவெனத் தடித்த, நீண்ட, விலையுயர்ந்த கோலை வாங்குகிறார். சிறிய கொடுப்பனவில் நாட்களை ஓட்டும் ஒருவருக்கு இவ்விரண்டும் நட்டமே. கோலின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால் இந்நட்டத்தைத் தவிர்க்கலாம்.

முதலாவது எண் நீளம். மேடையில் நின்று பிடிக்க 2.1 முதல் 2.4 மீற்றர் வரை போதும். பாறைக் கரைக்கு 2.7 முதல் 3 மீற்றர் வரையான கோல் நன்று. முன்னேயுள்ள கற்களையும் பாசியையும் தாண்டி மீனை இழுக்க நீளம் உதவும். நான்கு மீற்றர் அளவிலான கோல்கள் அலை புரளும் மணற்கரைகளுக்கு உரியவை. குடாக்களின் மேடைகளில் அவை வீண் சுமை.

இரண்டாவது எண்ணே பலரையும் ஏமாற்றுவது. ‘20–60 கிராம்’ என்பது போல எழுதப்பட்டிருக்கும் அது, பிடிக்கக்கூடிய மீனின் எடையன்று. எறியக்கூடிய இரையின் எடை. கோல் என்பது ஒரு வில். இரையின் பாரத்தால் வளைந்து, பின் நிமிர்வதாலேயே அது இரையை வீசுகின்றது. 150 கிராமுக்கென ஆக்கப்பட்ட தடித்த கோலில் 20 கிராம் இரையைக் கட்டினால் கோல் வளையாது. இரை காலடியிலேயே விழும். மெல்லிய கோலில் பாரமான இரையைக் கட்டி வேகமாக வீசினால் கோல் முறியவும் கூடும்.

அப்படியாயின் 60 கிராம் கோலில் ஐந்து கிலோ மீன் சிக்கினால் என்ன ஆகும்? அஞ்ச வேண்டியதில்லை. றீலிலுள்ள பிடிமானத்தைத் தளர்வாக வைத்திருந்தால், மீன் இழுக்கும்போது தங்கூசி சிறிது சிறிதாக விட்டுக் கொடுக்கும். கோல் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கும். களைத்த மீனை மெல்லச் சுற்றி எடுக்கலாம். ஆனால் தண்ணீரிலிருந்து மேடைக்குக் கோலாலேயே தூக்கலாகாது. அதற்கு நீண்ட பிடியுள்ள வலைக்கூடை வேண்டும்.

எனவே ஒரேயொரு கோல் வாங்குபவருக்கு நாம் சொல்லக்கூடியது இது: 2.4 முதல் 2.7 மீற்றர் நீளம், 20–60 கிராம் எறிதிறன், இரண்டாகக் கழற்றக்கூடிய கோல், 4000 இலக்கம் கொண்ட, உப்புநீருக்கேற்ற றீல், 0.30 முதல் 0.35 மில்லிமீற்றர் வரையான தங்கூசி. எமது கும்பளாவுக்கு உறவான மக்ரெல், ஆண்டு முழுவதும் கிடைக்கும் சாய், கொட் ஆகிய மூன்றுக்கும் இது போதுமானது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்க் கோல் பேருந்திற் கொண்டு செல்ல வசதிதான். ஆனால் மணலும் உப்பும் புகுந்தால் இறுகிவிடும்.

மூலப்பொருளையும் கவனிக்க வேண்டும். காபன் கோல் இலேசானது, கடியை உடனே உணர்த்துவது. ஆனால் கல்லில் மோதினால் வெடிக்கும். மின்சாரத்தைக் கடத்துவதால் மின்கம்பிகளின் கீழும் இடிமுழக்கத்தின் போதும் அதை உயர்த்துவது உயிராபத்து. கண்ணாடி இழைக் கோல் பாரமானது, எனினும் அடி தாங்கும். சிறுவரோடு செல்பவர்களுக்கு இதுவே உகந்தது.

பாடசாலைகளில் நடக்கும் லொப்பமார்க்கட்டுகளிலே நல்ல பழைய கோல்கள் கிடைப்பதுண்டு. சிறு பஞ்சுத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு வளையத்தினுள்ளும் அதை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு உண்டு. அது தங்கூசியை அறுத்துவிடும். பொருத்து ஆடுகின்றதா, றீல் இருக்கை துருப்பிடித்துள்ளதா என்பனவற்றையும் பாருங்கள். எந்தக் கோலாயினும் வீடு வந்ததும் நன்னீரிற் கழுவித் துடைக்காவிடின் உப்பு தின்றுவிடும்.

இறுதியாகச் சட்டம். நோர்வேயில் கடலிலே தூண்டிலால் மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. டென்மார்க்கில் வளர்ந்தோர் அரசாங்கச் சீட்டு வாங்க வேண்டும். ஜேர்மனியில் பொதுவாகப் பரீட்சையே எழுத வேண்டும். ஆகவே ஒரு நாட்டு உறவினர் சொல்வதை மற்றொரு நாட்டிற் பின்பற்றலாகாது. நோர்வேயில் வதியாதோர் கையிற் பிடிக்கும் தூண்டிலை மாத்திரமே பயன்படுத்தலாம். வலை போடவோ பிடித்ததை விற்கவோ இயலாது. மீன் வளர்ப்புக் கூடுகளுக்கு 100 மீற்றருக்குள் எவரும் மீன்பிடிக்கக் கூடாது. ஒஸ்லோ குடாவில் 2019 முதல் கொட் பிடிப்பதற்குத் தடை உண்டு. தவறிச் சிக்கிய மீன் உயிரோடிருந்தால் கடலிலேயே விட வேண்டும். இவ்விதிகள் மாறுவதால், புறப்படுமுன் மீன்வளத் திணைக்களத்தின் அறிவித்தல்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். விண்ணப்பத்துக்கு முடிவு வராதிருக்கும் ஒருவர் ஒரு மீனுக்காகச் சிறு வழக்கொன்றைத் தானும் தேடிக்கொள்ளலாகாது.

மொழி தெரியாத முதியவரும், வேலை அனுமதியற்ற இளைஞரும் இந்நாட்டவரோடு சமமாகத் தோளுரசி நிற்கும் இடங்கள் மிகச் சில. மீன்பிடி மேடை அவற்றுள் ஒன்று. கருவியும் விதியும் அறிந்து அங்கே செல்பவரை எவரும் அந்நியராகப் பார்ப்பதில்லை.