இரண்டடித் தொட்டிக்குப் பத்து வாட் போதும்

கொளத்தூர் கடைகளுக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் இப்போது செடியும் வாங்கி வருகிறார்கள். கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று எங்கள் பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் செடியும் நீலக் கூழாங்கல்லும் போட்ட தொட்டிகளுக்கு நடுவே உயிருள்ள செடி நட்ட தொட்டிகளும் தென்படுகின்றன. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன், வீட்டில் செடித் தொட்டியும் வைத்திருப்பவன் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லைட்டைப் பற்றித்தான். இரண்டடித் தொட்டி என்றால் பத்து வாட் எல்.இ.டி., நாளுக்கு ஆறேழு மணி நேரம் என்பேன். பலரும் நம்புவதில்லை. மாடி வீட்டுத் தம்பி நேராகவே கேட்டுவிட்டான்: “என்னண்ணா, நாற்பது வாட் இல்லாம செடியே வராதுன்னு சொல்றாங்களே?”

அவன் மேல் தப்பில்லை. செல்போனில் அவன் பார்த்து மயங்கிய தொட்டிகள் எல்லாம் வேறு வகை. பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தரை, சிவந்த இலைகள், நடுவே பாறை. இந்த அழகை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. புகைப்படக் கலைஞர், 2015இல் காலமானார். அவர் காட்டிய வழியில் அமைக்கப்படும் பெரும்பாலான தொட்டிகளின் பக்கத்தில், படத்தில் தெரியாமல் ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் அளவுக்கு அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டே இருப்பார்கள். வாரா வாரம் உரம் ஊற்றுவார்கள். அதற்கு ஈடாகத்தான் அத்தனை பிரகாசமான விளக்கு.

நம் வீட்டில் சிலிண்டர் கிடையாது. மீன் விடும் மூச்சும் மண்ணில் மட்கும் கழிவும் தரும் வாயு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் தேறும். போதாக்குறைக்கு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. செடியின் வேகத்தை இங்கே கட்டிப் போட்டிருப்பது வெளிச்சம் அல்ல, இந்தக் கரி வாயு. அந்த நிலையில் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளப் பாசி வரும். முதலில் கண்ணாடியில் பச்சைப் புள்ளி, அப்புறம் இலை ஓரத்தில் நூல் நூலாக. “நமக்கு ராசியில்லை” என்று தொட்டியைக் கவிழ்த்து மொட்டைமாடியில் வைத்துவிட்டவர்களில் எத்தனையோ பேருடைய உண்மையான சிக்கல், தேவைக்கு மேல் இருந்த விளக்குதான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது செடி. தொடக்கக்காரருக்குக் கடையில் கொடுக்கும் செடிகள் பலவும் நிழலில் பிறந்தவை. அனுபியாஸ் ஆப்பிரிக்கக் காட்டு ஓடைகளின் செடி. ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியாவுடையது. கிரிப்டோகோரைன் வென்டி நம் பக்கத்து இலங்கையின் ஓடைகளில் வளர்வது. மரக்கிளைகளைத் தாண்டி வடிகட்டி விழும் வெயிலில் வாழப் பழகியவை இவை. வாலிஸ்னேரியாவும் குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரின் கடினத்தன்மை அதற்கு ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. கடைகளில் பக்கோபா என்று கட்டுக் கட்டாக விற்கும் நீர்ப்பிரம்மி நம் ஏரிக்கரை ஈரத்தில் தானே முளைப்பது. அதற்கு இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும். விளக்குக்கு நேர் கீழே நடுங்கள்.

பொறுமை இங்கே முக்கியம். அனுபியாஸ் ஒரு புது இலை விட வாரக்கணக்கில் ஆகும். கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இருந்த இலைகளைக் கரைத்துவிட்டு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இதைப் பார்த்துப் பயந்து லைட்டைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூட்டாதீர்கள், விட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். தரும் வெளிச்சம் அல்ல. இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு வாட் என்ற பழைய சூத்திரம் ட்யூப் லைட் காலத்தது. எல்.இ.டி.க்குப் பெட்டியில் வெளிச்சத்தின் அளவான லூமென் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 54 லிட்டர்; மணலும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 20 லூமென் என்று வைத்தால் 900. வீட்டுச் சுவரில் மாட்டுகிற சாதாரண இரண்டடி, பத்து வாட் எல்.இ.டி. பேட்டன் 1,000 லூமென் அளவுக்குத் தருகிறது. எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ‘பிளான்ட் லைட்’ என்று எழுதியிருப்பதால் மட்டுமே ஒரு விளக்குக்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் வெளிச்சம் தரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பரவிக் குறைந்துவிடும். தொடங்குகிறவர்கள் ஓரடி உயரத்தோடு நிற்பது நல்லது.

எங்கள் தொழிலில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு வெளிச்சம் போதுமா என்று லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்ப்போம். அதே வேலையை ஆண்ட்ராய்டு போனில் உள்ள லக்ஸ் ஆப் உத்தேசமாகச் செய்யும். தண்ணீர் ஊற்றும் முன் காலித் தொட்டியின் தரையில் போனை மல்லாக்க வைத்து அளந்து பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் 1,500 முதல் 2,500 லக்ஸ் இருந்தால் மேலே சொன்ன செடிகளுக்குப் போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: நடுப்பகல் நேர் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மேற்குப் பார்த்த பால்கனி ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் எந்த டைமரும் காப்பாற்றாது. தண்ணீரே பச்சையாகிவிடும், சித்திரை வைகாசியில் சூடும் ஏறிவிடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘கூல் டே லைட்’ என்று போட்டிருக்கும் 6,500 கெல்வின் வெள்ளை கண்ணுக்கும் செடிக்கும் சரி. மஞ்சள் வெளிச்சத்திலும் செடி வளரும், தொட்டிதான் மங்கலாகத் தெரியும். நீலமும் ரோஜா நிறமும் மாறி மாறி அடிக்கும் மலிவான கிளிப் விளக்குகளில் லூமென் எண்ணே பெரும்பாலும் இருக்காது. அவை மீனின் நிறத்தைத் தூக்கிக் காட்டுவதற்கானவை. இந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பின்னாலும் ஓர் அமானோ இருப்பது எனக்குப் பிடித்த செய்தி. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக 2014இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ஹிரோஷி அமானோ. நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. எரிகிறது.

விளக்கைவிட முக்கியம் நேரம். கையால் போட்டு அணைப்பவர்கள் வீட்டில், விருந்தாளி வந்தால் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது, ஊருக்குப் போனால் எரிவதே இல்லை. டைமர் போடுங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு நான் சொல்வது: காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் பத்து. இருக்கும்போது பார்த்து ரசிக்கலாம். நடுவிலுள்ள ஓய்வில் தண்ணீரில் கரி வாயு மறுபடி சேரும். செடித் தொட்டிகளைப் பற்றி 1999இல் புத்தகம் எழுதிய அமெரிக்கர் டயானா வால்ஸ்டாட் பரிந்துரைத்த முறை இது. சுற்றும் முள் வைத்த மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடைக்கு மறுநாள் மணியைச் சரிபாருங்கள். ஒருநாள் லைட் எரியாததால் செடிக்கு ஒன்றும் ஆகாது. செலவுக்கும் பயப்பட வேண்டாம்: பத்து வாட், ஏழு மணி நேரம், மாதம் 2.1 யூனிட்.

வாரம் ஒருமுறை மூடி கண்ணாடியைத் துடையுங்கள். ஆவடி, பூந்தமல்லி பக்கம் போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். அதில் வெளிச்சம் கணிசமாகப் போய்விடும். அந்தக் கண்ணாடி இல்லாமல் பேட்டனைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிடவே கூடாது. ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும்; ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் லைட், மோட்டார் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இது கட்டாயம்.

முதல் மாதம் ஆறு மணி நேரத்தில் தொடங்குங்கள். பாசி இல்லாமல் புது இலை வந்தால் அப்படியே விடுங்கள். தண்டு மட்டும் நீண்டு இலைகளுக்கு இடைவெளி விழுந்தால் அரை மணி கூட்டுங்கள். பாசி வந்தால் ஒரு மணி குறையுங்கள். இரண்டு வாரம் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். பெட்டியில் லூமென் எழுதாத விளக்கை மட்டும் வாங்காதீர்கள்.