மைதானமும் வீடும் – 7: சிவப்பு ஸ்கோர் புத்தகம்

புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணியும், அதன் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற தந்தையரும் சென்ற இதழில் இடம்பெற்றதை வாசகர் அறிவர். 1957-ஆம் ஆண்டுப் பருவத்துடன் அவ்வணி நியூயார்க்கை நீங்கியது அக்குடும்பங்களை எவ்வாறு தாக்கியது என்பது இவ்வாரத்திற்குரிய பொருள். ஆயினும், அக்குடும்பங்களில் ஆட்டம் எவ்வாறு நினைவாகச் சேமிக்கப்பட்டது என்பதை அறியாமல் அவ்விழப்பின் அளவை உணர இயலாது என்பதால், ஸ்கோர் புத்தகத்தை முதலில் விளக்குவது தேவையாகிறது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின், 1997-இல் வெளிவந்த 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்' என்னும் நினைவு நூலில், தமக்கு ஆறு வயதானபோது தந்தை ஒரு சிவப்பு ஸ்கோர் புத்தகத்தை அளித்து, ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வையும் குறியீடுகளால் பதியக் கற்பித்ததைப் பதிவு செய்துள்ளார். வங்கி ஆய்வாளரான தந்தை பகலில் பணிக்குச் சென்றிருக்க, மகள் வானொலி வர்ணனையைக் கேட்டுக் குறித்து வைத்து, மாலையில் அவர் வீடு திரும்பியதும் முழு ஆட்டத்தையும் விவரிப்பது வழக்கமாயிற்று.

இக்குறியீட்டு முறை தனித்து ஆராயத் தக்கது. களத்தில் நிற்கும் ஒன்பது பேரும் சட்டை எண்ணால் அன்றி, நிற்கும் இடத்தால் எண்ணப்படுகின்றனர்: பந்தெறியும் பிட்சர் 1, அவருக்கு எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் மூன்று பேஸ்களின் காவலர்கள் முறையே 3, 4, 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. எனவே 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் தரையில் உருண்ட பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கு ஓர் ஓட்டக்காரர் அவுட்டாகி, பந்து முதல் பேஸுக்குச் சென்றதும் அடித்தவரும் அவுட்டானார் என்று பொருள்; ஒரே பந்தில் இருவர் வீழும் இதனை டபுள் பிளே என்பர். 1949-ஆம் ஆண்டு டாட்ஜர்ஸ் அணியில் அந்த 6 பீ வீ ரீஸ், 3 கில் ஹாட்ஜஸ். நடுவிலிருந்த 4, நவீன பெருலீக் பேஸ்பாலின் நிறத்தடையை 1947-இல் உடைத்த முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன். நாட்டை உலுக்கிய ஒரு மாற்றத்தின் நாயகர், சிறுவர் கையெழுத்தில் நாள்தோறும் ஓர் எண்ணாகப் பதிவாகிக் கொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது.

இம்முறைக்கு அடித்தளமிட்ட ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்து, சிறு வயதிலேயே புரூக்ளினில் குடியேறி, முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்குகளில் அவுட்டாவதைக் குறிக்கும் 'கே' என்னும் ஆங்கில எழுத்து அவர் காலத்திலிருந்து வழங்குகிறது. மட்டையை வீசாமலே மூன்றாம் ஸ்ட்ரைக்கை விட்டவருக்கு அதே எழுத்தைப் பின்புறமாகத் திருப்பி எழுதுவர்.

இக்குறிகளே குட்வினுக்குக் கதை சொல்லும் பயிற்சியாயின. தொடக்கத்தில் வெற்றியா தோல்வியா என்பதை முதலிலேயே கூறிவிட்ட அவர், நிகழ்ந்த வரிசையிலேயே சொன்னால்தான் கேட்பவரின் கவனம் இறுதிவரை நிற்கும் என்பதை நாளடைவில் கற்றார். ஆட்ட விவரங்கள் மறுநாள் நாளிதழில் அச்சாகும் என்பதைத் தந்தை அவரிடம் கூறவே இல்லை; ஆதலால், தாம் சொல்லாவிட்டால் தந்தைக்கு ஆட்டம் தெரியாமலே போய்விடும் என்று குழந்தை நம்பியது. பிள்ளையின் சொல்லுக்குப் பெற்றோர் அளிக்கக்கூடிய மதிப்பில் இதனினும் உயர்ந்தது அரிது. பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற ஒரு வரலாற்றாசிரியர் உருவானதில் அந்த மாலை நேரச் செவிக்குப் பெரும் பங்குண்டு.

இரு லீகுகளின் வாகையர் மோதும் உலகத் தொடரில் ஏழு முறை தோற்ற புரூக்ளின், 1955 அக்டோபர் 4 அன்று யாங்கீஸ் அணியை 2–0 என வென்று முதன்முறையாகப் பட்டம் சூடியது. யாங்கீஸின் எல்ஸ்டன் ஹவர்ட் அடித்த பந்தை ரீஸ் எடுத்து ஹாட்ஜஸுக்கு எறிந்ததோடு ஆட்டம் முடிந்ததால், அத்தனை ஆண்டுக் காத்திருப்பின் நிறைவு ஸ்கோர் புத்தகத்தில் 6-3 என்றே பதிவாகும். அதன்பின் இரண்டே பருவங்களில் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்ததும், பிள்ளைகள் தம் தந்தையரோடு பகிர்ந்திருந்த மாலைகளுக்கு நேர்ந்ததும் அடுத்த இதழில் விளக்கப்படும்.