அளவெடுத்துக் கட்டும் சைக்கிள்

புனேயில் ஹிஞ்சவடிப் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், தனக்கென்றே ஒரு ரோடு பைக் கட்டப்போவதாக எழுதியிருக்கிறார். பேட்டரியில் மாறும் கியர், கார்பன் ரிம், ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பின் நிறம் வரை கடிதத்தில் இருக்கிறது. அவருடைய உயரம் மட்டும் இல்லை.

என் வயதுக்காரர்கள் சைக்கிள் கற்றது அரை மணி வாடகைக்கு எடுத்த பெரியவர்கள் வண்டியில். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். வண்டிக்குத் தோதாக உடம்பை வளைத்தோம். லட்சங்கள் கொடுத்துக் கட்டும்போதாவது வண்டி உடம்புக்குத் தோதாக வரவேண்டாமா?

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டு அழுத்துகிற அளவுக்கு மேலே ஏற்றி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவும். 80 செ.மீ. வந்தால் 0.883-ஆல் பெருக்க 70.6. கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்புறம்வரை இருக்கவேண்டிய உயரம் அது. இந்தக் கணக்கைப் பரப்பியவர், டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட். இதுவே முடிவு அல்ல, தொடக்கம். முதுகு எவ்வளவு குனியும், கை எவ்வளவு நீளும் என்பதைப் பொறுத்து மீதி மாறும். கணினி முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் முதுகு பந்தய வீரரின் முதுகு ஆகிவிடாது.

கியரைப் பற்றி ஒரு வரி. சிங்ஹகட் கோட்டைச் சாலையில் ஏற ஆசைப்படுகிறவர் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் கிடைக்கும்படி கேட்டு வாங்கவும். மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டயர் 30 மி.மீ. போடவும் ஃபிரேமில் இடம் வேண்டும். நம் வேகத்தடைகளைக் கட்டியவர்கள் சைக்கிள் ஓட்டுவதில்லை.

இனி ஃபிரேம். மகாராஷ்டிரத்திலேயே மூங்கிலில் ஃபிரேம் செய்தவர் உண்டு, விமானப்படையில் ஓய்வுபெற்ற சசிசேகர் பாடக். அவர் வண்டியின் பெயர் 'பாம்பூச்சி'. தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும்! கார்பன் எடை குறைவு, சந்தேகமில்லை. ஆனாலும் என் ஓட்டு மெல்லிய ஸ்டீல் குழாய்க்கு. காரணம் அந்தக் குழாயின் வயிற்றில் இருக்கிறது.

நல்ல ஸ்டீல் ஃபிரேமின் மேல்பாரை நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள். ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம். வெளியே ஒரே பருமன்தான். உள்ளே ஓரங்களில் 0.8 மி.மீ. கனம், நடுவில் 0.5. ஆப்பம் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியுமே, அதற்கு நேர் எதிர். பற்றவைக்கும் இடத்தில்தான் சூடும் பாரமும், அங்கே கனம் வேண்டும். நடுவில் அது வெறும் எடை.

இதற்கு 1897-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த குடும்பத்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ். ஓரங்கள் மெலிந்த ஓர் இரும்புத் தண்டைக் குழாய்க்குள் விட்டு, இறுக்கமான துளை வழியே இரண்டையும் சேர்த்து இழுத்தால் குழாய் தண்டின் வடிவத்தில் படிந்துவிடும். சரி, நடுவில் தடித்த தண்டு, குறுகிய வாய் வழியே எப்படி வெளியே வரும்? இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அக்காவின் வளைகாப்பில் வளையல்காரம்மா கையைப் பிசைந்து பிசைந்தே சின்ன வளையலை ஏற்றியது நினைவுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. குழாயைச் சாய்ந்த உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டுப் பிசைகிறார்கள். முடியளவு விரிகிறது, தண்டு நழுவுகிறது.

அரை மி.மீ. சுவர் என்பதால்தான் சொல்கிறேன்: பழுதுபார்க்க நிறுத்தும்போது அந்த மேல்பாரை இடுக்கியில் கவ்வவிடாதீர்கள், சீட்டுக் கம்பியைக் கவ்வச் சொல்லுங்கள். பாரில் ஆள் ஏற்றி டபுள்ஸ் போன காலத்து இரும்பு வேறு. என் நண்பரின் வண்டியை ஒரு கடையில் அப்படிக் கவ்வி நசுக்கிவிட்டு, பெயிண்ட் அடித்துத் தந்தார்கள்.

புனேவுக்குச் சைக்கிள் நகரம் என்றே பெயர் இருந்தது. இன்று கர்வே நகரில் விக்ரம் பெண்ட்சே சேர்த்த பழைய சைக்கிள்களுக்கு மியூசியமே இருக்கிறது. சைக்கிள் பாதைகளில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. விலை உயர்ந்த வண்டிகளோ பால்கனியில், துணி காயப்போட வாகாக.

வாசகரே, டேப்பின் நிறம் காத்திருக்கட்டும். புத்தகத்தை வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள். சுவரில் கோடு போட இன்னொருவரைக் கூப்பிடுங்கள். தானே குனிந்து பார்த்தால் அளவு மாறிவிடும்.